பைரவிக்காக ஓடி வந்தவர்களுக்கு

எங்கள் நாய் பைரவி எங்களை விட்டுப் போய்விட்டாள். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி டாக்டர் அம்மாவுக்கு. வயதான ஜெர்மன் ஷெப்பர்ட் பின்னங்காலை இழுத்து நடந்தால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நீங்கள் அவள் பின்பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில் படும்படி வைத்துப் பார்த்தீர்கள். நரம்பு நன்றாக இருந்தால் நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிவிடும். அவள் அப்படியே நின்றாள். நடுவிரல் நகங்கள் மேல்புறமாகத் தேய்ந்திருந்ததையும் காட்டினீர்கள். எங்கே அழுத்தினாலும் அவளுக்கு வலிக்கவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முதுகெலும்பு வட்டுப் பிதுக்கமோ கட்டியோ இல்லை என்று தெரிந்த பிறகே 'டிஜெனரேட்டிவ் மயலோபதி' என்றீர்கள். தண்டுவடம் மெல்ல மெல்லச் சிதைகிற பரம்பரை நோய், குணப்படுத்த மருந்தில்லை, இறந்தபின் தண்டுவடத்தைச் சோதித்தால்தான் முழுமையாக உறுதியாகும் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். வீண் நம்பிக்கை கொடுத்திருந்தால், அவள் நடமாடிய நல்ல மாதங்களை மருந்து தேடியே தொலைத்திருப்போம்.

பிசியோதெரபி தம்பி, இந்நோய் வந்ததாகக் கருதப்பட்ட நாய்களில் தினமும் விடாமல் பிசியோதெரபி பெற்றவை மற்றவற்றைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 2006-இல் வெளியான ஆய்வைக் காட்டித்தான் எங்களைத் தொடங்க வைத்தீர்கள். தண்ணீருக்குள் நடக்கும்போது அவள் வால் ஆடும், அதைப் பார்க்கவே நாங்கள் வருவோம்.

சிறுநீர் தானாகப் போகாத நிலை வந்தபோது, அடிவயிற்றில் எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்று என் கையின் மேல் தன் கையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார் செவிலியர் அக்கா. அந்தப் பக்குவம் எந்தக் காணொளியிலும் கிடைக்காது.

அவளை வளர்த்து எங்களுக்குக் கொடுத்த அண்ணனுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். இந்தச் செய்தி போனால், "என் நாய்களிடம் அப்படியொன்றும் இல்லை" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. நீங்கள் மறுநாளே தாய், தகப்பன் இரண்டின் கன்னத்திலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, எஸ்ஓடி1 மரபணுச் சோதனைக்கு அனுப்பினீர்கள். இந்த நோயோடு தொடர்புடையதாக 2009-இல் கண்டறியப்பட்ட மரபணு மாற்றம் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி இருந்தது. அவை நன்றாகத்தான் ஓடியாடுகின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்தால் குட்டிக்கு இரு பிரதிகளும் போய்ச்சேர்ந்து நோய் வர வாய்ப்புண்டு. இனி அந்த ஜோடியைச் சேர்ப்பதில்லை, ஒரு பிரதி உள்ள நாயைச் சோதனையில் அந்த மாற்றம் இல்லை என்று தெரிந்த நாயோடுதான் சேர்ப்பேன் என்று முடிவெடுத்தீர்கள். அதோடு, உடன்பிறந்த குட்டிகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் நீங்களே போன் செய்தீர்கள். அந்த நேர்மை எல்லோருக்கும் வராது.

தண்டுவடத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட நோயியல் மருத்துவர்களுக்கும் நன்றி. நோய் உறுதியானது. மனிதர்களில், தசைகளை இயக்கும் நரம்புகள் சிதைகிற ஏ.எல்.எஸ். நோயாளிகள் சிலருக்கும் இதே மரபணுவில்தான் பழுது என்கிறார்கள். அவர்களுக்கும் ஏதாவது தெரியவரட்டும்.

தன் நாய் போனபின், அது நடக்க வைத்திருந்த சக்கரவண்டியைப் பைரவிக்குக் கொடுத்துதவிய ஐயாவிடம் திருப்பித் தரப் போனேன். "அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்றார். பட்டைகளைத் துவைத்து, தேய்ந்த சக்கரத்தை மாற்றி வைத்திருக்கிறோம். பைரவியின் உடன்பிறப்புகளில் யாருக்காவது கால் தடுமாறினால் கூப்பிடுங்கள், அளவு சரிசெய்து நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன்.