சுற்றாத மோட்டாருக்கும் மேசையில் இடம் கொடுங்கள்

அறிவியல் கண்காட்சிகளை நடத்தும் பள்ளிக்கல்வித் துறை அலுவலர்களுக்கும், நடுவர்களாக வரும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கோவையில் முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுகிறவன். போன வருடம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முதல் பரிசு, தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் மேலேயே தானாக ஓடும் ஒரு காருக்குப் போனது. "மோட்டார் எப்படிச் சுத்துது தம்பி?" என்று அதைச் செய்த பையனிடம் கேட்டேன். "பேட்டரி குடுத்தா சுத்துங்க சார்" என்றான். பெட்டியில் வந்த பாகங்களைப் படம் பார்த்து மாட்டியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாம் எதிர்பார்த்ததை அவன் செய்துவிட்டான்.

கடைசி மேசையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கர் காந்தம், கையால் சுற்றிய இனாமல் கம்பி (மின்சாரம் கடக்காத பூச்சு போட்ட கம்பி). சுருள் சுற்றாமல் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. நடுவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள்.

இரண்டு முனையிலும் இனாமலை முழுக்கச் சுரண்டியிருந்தாள். ஒரு முனையில் பாதிப் பக்கம்தான் சுரண்ட வேண்டும். அப்போதுதான் அரைச் சுற்றுக்கு மின்சாரம் நிற்கும், சுருள் வந்த வேகத்திலேயே மீதியைக் கடக்கும். நிற்காவிட்டால், முன்னால் தள்ளிய விசையே அடுத்த பாதியில் பின்னால் தள்ளும். உப்புத்தாளைக் கொடுத்து, புதுச் சுருள் செய்யச் சொன்னேன். சுற்றியது. "கம்யூட்டேட்டர்ங்கறது இதுதானுங்களா?" என்றாள். மோட்டாரில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்சாரத்தை மாற்றிவிடும் பாகம் அது. புத்தகத்தில் அந்தப் படத்தை எத்தனை தடவை வரைந்திருப்பாளோ!

இப்படிப்பட்ட கார்களை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் ஒரு பின்னிலிருந்து (கம்பி மாட்டும் முனை) 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. சின்ன பொம்மை மோட்டார்கூடக் கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் நடுவில் டிரான்சிஸ்டர், சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகம். மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தும்போது காயில் எதிர்ப்பக்கம் பெரிய வோல்ட்டை உதறும், அதற்காகத்தான் டயோடு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம். மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரை இணைத்துவிட்டு, ஓடுகிற மோட்டாரின் அச்சை விரலால் லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மின்னோட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சுற்றும்போது மோட்டார் தானே ஒரு எதிர் வோல்ட்டை உண்டாக்கி மின்னோட்டத்தை அடக்கி வைக்கிறது. சுற்று நின்றால் அந்த அடக்கமும் போய்விடும். தோட்டத்தில் பம்பு இறுகி, காயில் கருகி என் கடைக்கு வருவது இதனால்தான். அப்பாவின் பம்பு ஏன் எரிந்தது என்று அந்தப் பிள்ளையால் வீட்டில் போய்ச் சொல்ல முடியும்.

ஜி.டி. நாயுடு காலத்தில், 1937-இல், நாட்டின் முதல் மோட்டார் இங்கே உருவானது என்று பெருமையாகப் பேசுகிற ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை மோட்டாரைத் திறந்து பார்க்காமலே பள்ளியை முடிப்பது எனக்கு வலிக்கிறது.

அதனால் கேட்கிறேன். மதிப்பெண்ணில் பாதியை, பிள்ளை தன் கையால் செய்ததற்கும், எங்கே தவறியது என்று எழுதிவைத்த நோட்டுக்கும் கொடுங்கள். சுற்றாத மாதிரியின் முன்னாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

கம்பிக்குச் செலவு வேண்டாம். எங்கள் கடைகளில் மிச்சத் துண்டுகள் எப்போதும் கிடக்கும், கேட்டால் தருவோம். அப்புறம் ஒன்று: செல் மட்டும்தான், வீட்டுக் கரண்ட் பக்கமே போகக்கூடாது. செல்லிலும் சுருள் நின்றுவிட்டால் கம்பி சுடும், உடனே கழற்றிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு காயில் கட்டுகிறவன்