கிலோக் கணக்கில் போகும் கமராக்கள்

கொழும்புத் தொலைக்காட்சி நிலையங்களின் பொறியியல் பிரிவினருக்கும் களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் மோட்டார் ஒன்று தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையின் மூலையில் கலையகக் கமரா ஒன்றின் தலை கிடந்தது. வில்லை இல்லை. கேபிள் கொழுவும் இடத்தைச் செம்புக்காகப் பிடுங்கியிருந்தார்கள். எந்த நிலையத்தினுடையது என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் விலையைக் கிலோவில் சொன்னார்.

எண்பதுகளில் இந்த நகரத்துக் கலையகம் ஒன்றில் கமராக்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் வேலை. மூன்று மணிக்கு ஒளிப்பதிவு என்றால் ஒரு மணிக்கே கமராவைப் போட்டுச் சூடேற விட வேண்டும். உள்ளே, படத்தை மின்சைகையாக மாற்றும் மூன்று கண்ணாடிக் குழாய்கள். வில்லையால் வரும் வெளிச்சத்தை அரியம் ஒன்று சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கும். குழாயின் முகப்பில் விழும் படத்தை இலத்திரன் கற்றை வரிவரியாக வருடும். படத்துக்கு 625 வரிகள், செக்கனுக்கு 25 படங்கள். மூன்று குழாயிலும் அந்த வருடல் அச்சொட்டாக ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். மயிரிழை விலகினால் போதும், ஞாயிறு பத்திரிகையில் வர்ணம் தவறி அச்சான படம் போல, செய்தி வாசிப்பவரின் காதோரம் ஒரு சிவப்புக் கோடு நிற்கும்.

அதைத் திருத்துவது பெரும்பாலும் அடுத்த அறையிலிருந்துதான். கட்டம் போட்ட அட்டையைக் கமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் உட்காருவோம். பச்சையை அசைய விடாமல், சிவப்பை அதன்மேல் ஏற்றுவோம்: அகலம், உயரம், சாய்வு. அப்புறம் நீலம். சரி, முடிந்தது என்று தேத்தண்ணிக்கு எழும்பினால் கலையகத்துச் சூடு மாறியிருக்கும், திரும்பவும் முதலிலிருந்து.

பிரித்தானியாவின் ஈ.எம்.ஐ. 2001 கமராவில் வெளிச்ச அளவுக்கென்றே நாலாவது குழாய் ஒன்று இருந்தது. வர்ணம் சற்று விலகினாலும் படத்தின் கூர்மை கெடாது. கெட்டித்தனமான யோசனைதான், ஆனால் ஒழுங்குபடுத்த இன்னும் ஒரு குழாய்! பீபீசி அதைத் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை விடவில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் அறுபதுகளில் கொண்டுவந்த பிளம்பிக்கொன் குழாயால்தான் வர்ணக் கமரா கையாளக்கூடிய அளவுக்குச் சிறுத்தது. அதற்கும் ஒரு குணம் உண்டு. மிகப் பிரகாசமான புள்ளி ஒன்று அசைந்தால் திரையில் வால்வெள்ளி போல வால் இழுபடும். பரதநாட்டியம் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். நெற்றிச்சுட்டி மின்னும் ஒவ்வொரு தரமும் ஒரு வால்! விளக்கைத் திருப்பு, தணி என்று கத்தியே அரைநாள் போகும்.

1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. அந்தக் காலத்துப் பழைய நாடாக்களைப் பற்றி இப்போதாவது சிலர் கேட்கிறார்கள். அந்தப் படங்களை எடுத்த கருவிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

நீங்கள் கமரா ஒன்றை வரவேற்பு மண்டபத்தில் அழகுக்கு நிறுத்தி வைத்தால், அது பாதிக் கமராதான். கட்டுப்பாட்டுப் பெட்டியும் கேபிளும் இல்லாமல் அது ஒரு வரியைக்கூட வருடாது. ஆகவே களஞ்சியத்தைக் காலி செய்யும்போது இவற்றைப் பிரித்துப் பிரித்து ஏலம் போடாதீர்கள். கைநூல்களைக் கட்டாயம் வையுங்கள். அவற்றின் ஓரங்களில் சிங்களத்திலும் தமிழிலும் நாங்கள் பென்சிலால் எழுதிய குறிப்புகள் எந்தக் கொம்பனியிடமும் கிடைக்காது. குழாய்களை முகம் கீழே பார்க்க வைக்காதீர்கள், உள்ளே உதிர்ந்த தூசு முகப்பில் விழும். உடைக்கவும் விடாதீர்கள், பிளம்பிக்கொன்னுக்குள் இருப்பது ஈய ஒட்சைட்டு. வில்லைகளைக் கொழும்பின் ஈரக்காற்றில் விட்டால் பூஞ்சணம் தின்றுவிடும்.

இங்கிலாந்தில் இத்தகைய கமராக்களைத் திருத்தி ஓட வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இங்கேயும் ஒன்றையாவது ஓட வைக்கலாம். அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. பலர் பஸ்ஸில் வந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

குப்பையில் போட்ட கட்ட அட்டை ஒன்று என் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கமரா உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கலையகத் தொழில்நுட்பவியலாளன்