கம்பியில் மாட்டிய மானை இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைப் பட்டணத்தில் புள்ளிமான்கள் கோட்டையோடு நிற்பதில்லை. கடற்கரை, மைதானம், பஸ் நிலையம், வீட்டு வாசல் என்று எங்கும் திரிகின்றன. வாழைப்பழத் தோலுக்காகக் கடை வாசலில் நிற்கும் மானைப் படம் பிடிக்க ஆட்கள் நிறைய. அதே மான் முள்ளுக்கம்பியில் காலை மாட்டிக்கொண்டு தொங்கும்போது என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே இக்கடிதம்.

மான் வேலி பாயும்போது பின்னங்கால்கள்தான் கடைசியாகத் தாண்டும். மேல்கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடைவெளி ஒடுக்கமாக இருந்தால் குளம்பு இரண்டுக்கும் நடுவே நுழையும். உடல் மறுபக்கம் விழ, ஒரு கம்பி மற்றதன் மேல் புரண்டு காலைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் உதைக்க உதைக்க முறுக்கு இறுகுமே தவிர விடாது. நாலு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்தாலும் நடப்பது அதுதான். கூடவே முள் இன்னும் ஓர் அங்குலம் கிழித்துக்கொண்டு போகும்.

முதல் வேலை, சனத்தையும் நாயையும் அப்பால் அனுப்புவது. இரண்டாவது, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைப்பது. இடத்தைச் சொல்லும்போது வீதியின் பெயர், பக்கத்தில் உள்ள கோவில் அல்லது பாடசாலை, கிடாவா பிணையா, எந்தக் கால் என்று சொன்னால் வருகிறவர்கள் தேவையான சாமானோடு வருவார்கள். கால் முறியவில்லை, மான் நினைவோடு இருக்கிறது என்றால் பொதுவாக அவர்கள் வரும்வரை தொடாமல் நிற்பதே நல்லது. தலைகீழாகத் தொங்கி மூச்சுத் திணறினாலோ கம்பி கழுத்தில் இறுகினாலோ காத்திருக்க நேரமில்லை.

அப்படிக் கை வைக்கத்தான் வேண்டுமென்றால் மூன்று பேர் போதும். தடித்த தோல் கையுறை, பெரிய துவாய் அல்லது சாக்கு, எட்டு அங்குலக் குறடு வேண்டும். இழுவிசை கூடிய கடினக் கம்பி என்றால் குறடு வழுக்கும், போல்ட் கட்டர் தேவை. முன்னால் போகக்கூடாது, கொம்பு குத்தும்; நேர் பின்னாலும் போகக்கூடாது, உதை விழும். தோள்பட்டைப் பக்கத்தால் தணிந்து போய், முதலில் கண்ணைத் துவாயால் மூடுங்கள், மூக்கு வெளியே இருக்கட்டும். கண் மறைந்தால் பெரும்பாலும் துடிப்பு அடங்கும். அதற்குப் பிறகு யாரும் கதைக்கக்கூடாது. மனிதக் குரல் மானுக்கு ஆறுதல் அல்ல. தடவிக் கொடுப்பதும் அப்படித்தான்.

ஒருவர் உடலின் பாரத்தைத் தாங்க வேண்டும். பாரம் தொங்கும்வரை முறுக்கு தளராது. மற்றவர் காலின் இரு புறமும் கம்பியை வெட்டட்டும். வெட்டுமுன் தூண் பக்கமுள்ள கம்பியை ஒருவர் இறுக்கிப் பிடிக்காவிட்டால் அது சவுக்குப்போலத் திரும்பி முகத்தில் அடிக்கும். சதையில் ஏறிய முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள். துண்டுக் கம்பியோடு விட்டுவைத்தால் மிருக வைத்தியர் பார்த்து எடுப்பார்.

கீழே இறக்கிய மானை நெஞ்சில் படுக்க வையுங்கள். பக்கவாட்டில்தான் கிடக்கும் என்றால் இடது பக்கம் மேலே இருக்க வேண்டும். இரைப்பையின் பெரிய அறை அந்தப் பக்கம் இருப்பதால், அது கீழே அமுங்கினால் காற்று வெளியேறாமல் வயிறு ஊதும். தலை உயர்ந்தும் மூக்கு சற்றுத் தாழ்ந்தும் இருந்தால் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாது. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெயில் என்றால் அடிவயிற்றையும் தொடை இடுக்கையும் நனைக்கலாம்.

எழுந்து ஓடிவிட்டால் பிழைத்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறோம். நெடுநேரம் பயந்து துடித்த மானின் தசைகள் உள்ளுக்குள் சிதையத் தொடங்கும். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பின்னங்கால் விறைத்து, சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போய், எங்கேயாவது பற்றைக்குள் விழுந்து சாகும். அமைதியும் நிழலும் வேகமும் இதற்காகத்தான். இரவு முழுக்க இறுகியிருந்த கால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் இரத்த ஓட்டம் நின்ற தோல் பிறகு அழுகும் என்பதால், அந்த மானைத் திணைக்களத்தின் மிருக வைத்தியர் பார்க்காமல் விடக்கூடாது.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று, பழைய மீன்வலையைத் தோட்டத்துக்கு வேலியாகக் கட்டுவது. பணம் மிச்சம்தான். ஆனால் கிடாவின் கொம்பு அதில் சுற்றினால் முழு வலையோடும் ஓடும். அதைத் துரத்திப் பிடிக்கப் போவது கொல்வதற்குச் சமன்; மயக்க ஊசியால்தான் முடியும். கொம்பு இன்னும் மென்தோல் மூடிய பருவத்தில் இருந்தால் இரத்தம் ஓடும் உறுப்பு அது, நூல் இறுகினாலே பெருகும். சாரைப்பாம்பும் உடும்பும் மாட்டுவது இதே வலையில்தான். சாரை என்று நிச்சயம் தெரிந்தால் தலையைத் துணியால் மூடி, சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டுங்கள். ஓர் இழை மிஞ்சினாலும் நாளடைவில் உடலை அறுக்கும். நாகம், புடையன் என்றால் கிட்டப் போகாதீர்கள். வௌவால், குரங்கு, நரி எது கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விசர்நோய் விளையாட்டல்ல. வயல்பக்கம் பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தை இழுத்துவிட்ட கம்பியில் விலங்கு கிடந்தால், மின்சார சபையின் 1987 இலக்கத்துக்குச் சொல்லி மின்னை நிறுத்தும்வரை எவரும் தொடக்கூடாது.

வேலியைக் கழற்றச் சொல்லவில்லை. மேல்கம்பி மூன்றரை அடிக்கு மேல் போகாமல், முள் இல்லாத வெறுங்கம்பியாக இருக்கட்டும். மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓர் அடி விடுங்கள். அடிக்கம்பி நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்திருந்தால் குட்டி குனிந்து போகும். இரவில் கம்பி தெரிய மேல்வரியில் இரண்டு முழத்துக்கு ஒரு வெள்ளைத் துணித்துண்டு கட்டலாம். தொய்ந்த கம்பிதான் அதிகம் சுற்றும். மாரி முடிந்ததும் ஒருமுறை இழுத்துக் கட்டினால் போதும்.

மீட்பு முடிந்ததும் வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி, அறுந்த வேலியை அன்றே கட்டுங்கள். மான்கள் வழமையாகப் போகும் தடத்தை விடாது. அடுத்ததும் அதே இடத்தால்தான் பாயும்.

வனவிலங்கு மீட்பில் உதவும் நண்பர்கள் சிலர்,
திருகோணமலை.