"உப்பைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கு

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஆறு வருடமாக ரத்த அழுத்த மாத்திரை விழுங்குகிறவன் எழுதுகிறேன். முதல் தடவை அளந்தபோது 160-க்கு 100 இருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு, "உப்பைக் குறைச்சுக்குங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் இருந்த உப்புக் கிண்ணத்தைத் தூக்கி உள்ளே வைத்தேன். அதோடு உப்பைக் குறைத்தாயிற்று என்று ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அழுத்தம் குறையவில்லை, மாத்திரையின் அளவுதான் கூடியது.

உப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரொட்டி நாக்குக்குக் கரிப்பதில்லை, ஆனால் அதில் உப்பு உண்டு. இனிப்பு பிஸ்கட்டில்கூட உண்டு. சாஸ், சூப் பொடி, உடனடி நூடுல்ஸ், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று கேளுங்கள்: தலைவலிக்கு நான் தண்ணீரில் நுரைக்கவிட்டுக் குடித்துக்கொண்டிருந்த மாத்திரை! அந்த வகையில் சிலவற்றில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் (உப்பில் இருந்து அழுத்தத்தை ஏற்றுவது அதுதான்) இருக்கிறது. அழுத்த நோயாளியிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே?

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது. ஒரு சிறு தேக்கரண்டி கூட முழுதாக வராது. உலகச் சராசரியோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சரி, நாமே எண்ணிப் பார்க்கலாம் என்று பாக்கெட்டைத் திருப்பினால் அதில் உப்பு என்றே இருக்காது, சோடியம் என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்புக் கணக்கு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. அதுவும் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பார்க்க வேண்டும். இரண்டரையால் பெருக்கு என்று சொல்ல உங்களுக்குப் பத்து நொடி ஆகுமா? எனக்கு அது தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

அப்புறம், எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்கிற நீங்கள் எதைக் கூட்ட வேண்டும் என்று ஏன் சொல்வதே இல்லை? உணவை மாற்றினால் ரத்த அழுத்தம் இறங்குமா என்று பார்த்த, 1997-இல் வெளியான 'டேஷ்' ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. 459 பேர், எட்டு வாரம். உப்பின் அளவை மாற்றவில்லை, யாரையும் இளைக்க வைக்கவும் இல்லை. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்களைக் கூட்டி, கெட்ட கொழுப்பைக் குறைத்தார்கள். ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட, மேல் எண் 11 புள்ளிக்கு மேல் கூடுதலாக இறங்கியது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. 2001-இல் வந்த அடுத்த ஆய்வில் அதே உணவோடு உப்பையும் குறைத்தபோது இன்னும் இறங்கியது. காயிலும் பழத்திலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. இந்த ஒரு வரியை அன்றைக்கே கேட்டிருந்தால் கீரையை மருந்தாக நினைத்து முகம் சுளித்திருக்க மாட்டேன். (இப்போதும் கொஞ்சம் சுளிக்கிறேன், அது வேறு விஷயம்.)

நாக்கைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். உப்பைக் குறைத்த முதல் இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருக்கும். நான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் அந்த இடத்தில்தான் விட்டேன். சில வாரம் தாண்டினால் நாக்கு பழகிவிடும், பழைய சாப்பாடு கரிக்கும் என்று தெரிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், உங்களுக்கு நேரமில்லை என்பது புரிகிறது. மாத்திரையைக் குறைசொல்லவும் நான் வரவில்லை. அதை நிறுத்தும் உத்தேசமும் இல்லை. "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலில் உப்பு தானாக வெளியே வரும்.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பற்றி நாங்கள் கேட்காமலே பேசுங்கள். பலருக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் சில அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கும் அதுவே ஆபத்து. யார் எந்தப் பக்கம் என்பது எங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் உங்களுக்குத்தான் தெரியும், உப்பு விற்கிறவருக்குத் தெரியாது.

அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் இருக்கிறது. வரும்போது நான் வழக்கமாக வாங்கும் பாக்கெட்டுகளின் உறைகளையும் எடுத்து வருகிறேன். இரண்டு நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்