சிறுகதைக்கு எழுதப்படும் பாடக்குறிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்கு வரும் பி.எட். மாணவர்கள், சிறுகதையை நடத்துவதற்கு எழுதிவரும் பாடக்குறிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். பணியில் இருந்த காலத்தில், வழிகாட்டி ஆசிரியர் என்ற முறையில் அத்தகைய குறிப்பேடுகளைப் படித்துக் கையொப்பமிட்டு வந்தவன் நான்.

புணர்ச்சி விதியானாலும் செய்யுளானாலும் சிறுகதையானாலும் அந்தக் குறிப்பேட்டின் அமைப்பு மாறுவதில்லை. பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக்கருவி, ஊக்கப்படுத்துதல், பாட வளர்ச்சி, கரும்பலகைச் சுருக்கம், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டைப் பின்பற்றிய சில்லரும் ரைனும் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த ஐந்து படிநிலைகளின் வழிவந்த அமைப்பு இது. எடுத்துக்காட்டுகளை ஒப்பிட்டு விதியைப் பொதுமைப்படுத்தும் இலக்கண வகுப்புக்கு அது நன்றாகவே உதவுகிறது. கதைக்குத்தான் உதவுவதில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் விரிவானப் பகுதியில் இடம்பெற்ற கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ கதையை எடுத்துக்கொள்வோம். (அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவல்காரர் என்பதால் அந்தக் கதையின்மேல் எனக்குக் கூடுதல் உரிமை உண்டு என்பதையும் மறைக்கவில்லை.) பக்கத்து வீட்டில் வந்து தங்கிய நோயாளி குப்புசாமியை, நாதியற்றவன் என்று எண்ணி வெறுப்போடு பார்க்கிறார் கதை சொல்பவர். பிறகு, வீரப்பன் என்ற நண்பன் குப்புசாமிக்கு எழுதிய கடிதம் அவர் கைக்கு வருகிறது; தானே வறுமையில் உழலும் அவன், கடன் வாங்கிய மூன்று ரூபாயையும் அத்துடன் கொடுத்தனுப்பியிருக்கிறான். கதை சொல்பவரின் மனம் புரள்வது அந்த இடத்தில்தான்.

நான் பார்த்த குறிப்பேடுகளில் பெரும்பாலானவை ‘மனிதநேயத்தின் உயர்வை மாணவர் உணர்வர்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகின்றன. பயிற்சி மாணவரும் அதையே கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் கதைக்குள் நுழைகிறார். முடிவு இன்னதென்று தெரிந்துவிட்ட பிள்ளைகளுக்கு, கதை சொல்பவரின் வெறுப்பில் தாமும் சற்று நேரம் பங்குகொள்ள வாய்ப்பில்லாமல் போகிறது. அப்படிப் பங்குகொள்ளாதவர்களுக்கு அந்தக் கடிதம் வெறும் தகவலாகவே வந்து சேர்கிறது. கடிதம் எழுதியவர் யார், அனுப்பிய தொகை எவ்வளவு என்ற ஒரு மதிப்பெண் வினாக்களோடு பாடவேளை முடிந்துவிடும்.

இதற்கு மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்த பயிற்சி மாணவர்கள் சிலர், தனித்தனியே எழுதாமல் ஒன்றாக உட்கார்ந்து இதே கதைக்குத் திட்டம் வகுத்தார்கள். வாசிப்பை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவர்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. கடிதத்தைப் பிரிக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்றார் ஒருவர். கடிதத்தைப் படித்துவிட்டு, அதன்பின் நடப்பது தெரியுமுன் நிறுத்த வேண்டும் என்றார் மற்றொருவர். இரண்டாவது யோசனையே நிலைத்தது. வகுப்பில் ஒரு மாணவி கடிதத்தை உரக்கப் படித்து முடித்ததும் புத்தகங்களை மூடச் சொல்லி, ‘இனி இவர் என்ன செய்வார்?’ என்று நான்கு வரி எழுதச் சொன்னார்கள். ‘ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார், ஒரே நாளில் யாரும் மாறிவிட மாட்டார்கள்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அதை ஒட்டியும் வெட்டியும் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. கதையின் கடைசிப் பகுதி மிச்சமிருந்தது. பார்வையிட வந்த விரிவுரையாளர் ‘பாடம் நிறைவுபெறவில்லை’ என்று குறித்துவிட்டுச் சென்றார். மறுநாள் பிள்ளைகள் பலர் மீதியை வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தார்கள். அதை எழுதுவதற்குக் குறிப்பேட்டில் இடமே இல்லை.

இப்படிக் குழுவாகத் திட்டம் வகுக்கப் பயிற்சிக் காலத்தில் நேரமில்லை என்று சிலர் வாதிடக்கூடும்; அதை என்னால் ஏற்க இயலவில்லை. 2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பாகி, பள்ளிப் பயிற்சிக்கென்று 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த வாரங்களில் பெரும்பகுதி, மூத்த மாணவர்களின் குறிப்பேடுகளைப் பார்த்து எழுதுவதிலும், கோடு போட்டு வண்ண மையில் தலைப்பிடுவதிலும் கழிகிறது. பயிற்சியின்போது ஒரு சிறுகதைக்கேனும் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து திட்டம் வகுக்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது, தமக்கே உறுதியான விடை தெரியாத எந்தக் கேள்வியை வகுப்பின் முன் வைப்பது என்பவை அதில் எழுதப்பட வேண்டும். பாடம் முடிந்தபின் வகுப்பில் உண்மையில் நடந்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதச் செய்து, குறிப்பேட்டின் தூய்மைக்கு வழங்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியையாவது அந்தப் பக்கத்திற்கு வழங்கலாம். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை. அடுத்த அணியைப் பள்ளிகளுக்கு அனுப்புமுன் கல்லூரிகளின் தமிழ்த்துறைப் பேராசிரியர்களே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்,
கோவில்பட்டி.