அரையாண்டு முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியில் நம் பெண்கள் பரிசு வாங்கினார்கள். கழிப்பறைக் கதவுகளை மாற்றியாகிவிட்டது. ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பின் வரைபட வேலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

பழைய சமய நூல்களில் வரும் பயணங்களைக் கணினி வரைபடத்தில் குறிக்கிறார்கள். அயோத்தியிலிருந்து சேது வரை ராமர் வந்த வழி ஒரு குழுவுக்கு. கிறிஸ்தவ அப்போஸ்தலரான பவுல் ரோமுக்குப் போன கடல்வழி இன்னொரு குழுவுக்கு. 622ஆம் ஆண்டு நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனா சென்ற வழி மூன்றாவது குழுவுக்கு. உறுதியாகத் தெரிந்த இடத்துக்குப் பச்சைப் புள்ளி, வழிவழியாகச் சொல்லப்படும் இடத்துக்கு மஞ்சள். ரோம் பச்சை. கிஷ்கிந்தை என்று சொல்லப்படும் ஹம்பி மஞ்சள். மால்டாவில் பவுலின் கப்பல் தட்டிய கரையும் மஞ்சள்தான்.

அந்தக் கப்பலில் ஆழம் பார்த்தபோது முதலில் 20 பாகம், சற்றுத் தள்ளி 15 பாகம் என்று பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. சில பிள்ளைகள் பாகம் புரியாமல் விழித்தார்கள். நாட்டுப்படகில் போகும் ஓர் அப்பா வகுப்புக்கே வந்து, கயிற்றை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, "இதுதான் ஒரு பாகம்" என்று காட்டினார். 20 எண்ணி முடிப்பதற்குள் கயிறு வராந்தாவைத் தாண்டிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வால்மீகி ராமாயணத்தில் சேதுப் பாலத்தின் நீளம் 100 யோசனை; யோசனை என்பது பழைய காலத் தூர அளவு. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு மாணவி இரண்டையும் எழுதி, "அப்படியானால் ஒரு யோசனை எவ்வளவு தூரம்?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. யோசனையின் அளவு நூலுக்கு நூல் மாறுகிறது. அந்தப் பக்கத்தை யாரோ படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பள்ளியில் சாமியைக் கேலி செய்கிறார்கள் என்று குரல் பதிவுகள் வந்தன. பேச்சு மற்ற மதங்கள் பக்கமும் திரும்பியது. படத்தில் மாணவியின் பெயர் அப்படியே இருந்தது. அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் சுற்றி, சேதுக்கரையில் முழுகி வளர்ந்தவன் நான். மஞ்சள் புள்ளி யாருடைய நம்பிக்கையையும் பொய் என்று சொல்லவில்லை. மனம் ஒப்பாவிட்டால் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். ஆனால் பிள்ளைகளின் பெயர், முகம், நோட்டு எதுவும் இனி அந்தக் குழுவில் வரக்கூடாது. போடுபவர் யாராக இருந்தாலும் அன்றே நீக்கப்படுவார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் எழுதுவேன்.

பதிவுகளை அழித்துவிட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. அவள் திங்கட்கிழமை வந்துவிட்டாள். யோசனைக் கணக்கை அவளே முடிக்கிறாள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஹைடெக் லேபில் மூன்று வரைபடங்களையும் பிள்ளைகள் காட்டுவார்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள். திருப்புல்லாணிப் பக்கம் பாட்டிமார் வாயில் வரும் இடப்பெயர்கள் பல இன்னும் வரைபடத்தில் ஏறவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்