கீசர் வாங்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்சாதனங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை லிட்டர் கீசர் போதும், எத்தனை நட்சத்திரம் பார்த்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தக் கீசருக்குள் போகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்ற கேள்வி எங்குமே இல்லை. கொங்குப் பக்கத்தில் அதைக் கேட்காமல் எந்தச் சாதனத்தையும் வாங்க முடியாது.

கோவையைச் சுற்றியுள்ள வீடுகளில் நல்ல தண்ணி, சப்பைத் தண்ணி என்று இரண்டு கணக்கு உண்டு. சிறுவாணி அணைத் தண்ணீரோ பில்லூர் அணைத் தண்ணீரோ வந்தால் அது நல்ல தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வோம். குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் மாடித் தொட்டியிலிருந்து இறங்குவது பெரும்பாலும் போர் தண்ணீர்; அதுதான் சப்பைத் தண்ணி. சிறுவாணித் தண்ணீர், மலையில் பெய்த மழைநீர் என்பதால் மென்மையானது. போர் தண்ணீரோ பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதைத்தான் கடினநீர் என்கிறோம். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட் ஆலைகள் அமைந்ததே அங்கே கால்சியம் நிறைந்த சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான்.

இந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் வம்பு. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகத் தெரிவதும் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றி ஓடாக ஏறுவதும் ஒன்றுதான். அந்த ஓடு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தண்ணீர் சூடாக நேரமாகும், கரண்ட் கூடுதலாகப் போகும், உள்ளே சூடு தேங்கிக் கடைசியில் காயில் எரிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் எரிந்தது. பழுது பார்க்க வந்தவர், "போர் தண்ணிங்களா? அப்ப இப்படித்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறொன்றை மாட்டிப் போனார். உப்புப் படிவுக்கு உத்தரவாதம் கிடையாதாம். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

கீசர் மட்டுமல்ல. வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷினின் ஹீட்டரிலும் இதே ஓடு ஏறும். குழாய் வலைகளும் ஷவர் துளைகளும் அடைத்துக்கொள்ளும். மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களுக்குள்ளும் படியும். கடினநீர்ப் பகுதிக்கென்றே, குளிக்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குழாய்களுக்குள் விடாமல் சூட்டை மட்டும் அதற்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றி வைத்த சோலார் வகை இருக்கிறது. போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கடினநீரில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும் என்பதால் தண்ணீரை மென்மையாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். பாய்லருக்கும் அப்படித்தான். தொழிற்சாலையில் இவ்வளவு கவனமாக இருக்கிற ஊரில், வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் ஒருவரும் இதைப் பேசுவதில்லை.

பேசுகிற கொஞ்சமும் தவறான எண்ணைப் பற்றித்தான். கடைக்காரர்கள் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு டிடிஎஸ் இவ்வளவு என்று பயமுறுத்துகிறார்கள். அது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுகிற மதிப்பு. சாதனத்தைக் கெடுப்பது கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. அது குடிப்பதற்கான வரம்பு. 600-க்குக் கீழே இருப்பதாலேயே கீசர் தப்பித்துவிடாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தை இழப்பவர்கள் பலர். வீட்டுக்கே தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியைப் பொருத்தியவர்கள், டிடிஎஸ் குறையவில்லையே, ஏமாந்துவிட்டோமோ என்று சண்டைக்குப் போகிறார்கள். சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. அதிலுள்ள ரெசின் என்கிற சிறு மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அவ்வளவுதான் சாஃப்ட்னரின் வேலை. உப்புக் கரைசல் விட்டு ரெசினை அவ்வப்போது கழுவ வேண்டும். அந்தக் கழிவைத் தென்னைக்கோ செடிக்கோ பாய்ச்சிவிடாதீர்கள், மண் கெட்டுப்போகும். குடிக்கிற குழாயைச் சாஃப்ட்னரோடு இணைக்காமல் தனியாக விடுவதும் நல்லது. அப்புறம், குழாயின் மேல் காந்தத்தை மாட்டினால் போதும் என்று விற்கிறார்களே, அது தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. வாங்கும் முன் யோசியுங்கள்.

சாஃப்ட்னருக்கு வசதியில்லாதவர்கள் கீசரின் சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருக்கலாம். சூடு கூடக் கூடப் படிவும் கூடும். காயில் எரியும்வரை காத்திராமல் ஆண்டுக்கொரு முறை ஆளை வைத்துக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லலாம். கக்கூஸ் கழுவும் ஆசிடை மட்டும் உள்ளே ஊற்ற விடாதீர்கள். உலோகத்தையே அரித்துவிடும்.

உங்கள் இதழ் வழியாக நான் கேட்பது இதுதான். ஊராட்சிகளும் நகராட்சிகளும் தாங்கள் விடுகிற ஒவ்வொரு தண்ணீரின் கடினத்தன்மையையும் அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அடுக்குமாடி கட்டி விற்பவர்கள் போர் தண்ணீரின் சோதனை அறிக்கையை விற்பனைப் பத்திரங்களோடு சேர்த்துத் தர வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் இருக்கின்றன; கட்டணம் செலுத்தினால் பொதுமக்களின் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். இந்த விவரத்தையும், சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் முறையையும் அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிட்டால், புது வீட்டுக்குக் கீசர் வாங்கக் கிளம்புகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவை மாவட்டம்.